மெம்பர், அவர் இப்போது என்ன வேலை பார்க்கிறார்?

பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழ் வார்டுகளின் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும், அகளி, புதூர், சோலையூர் என்று அட்டப்பாடியிலும், மறையூர், காந்தல்லூர், வட்டவடை, தேவிகுளம், மூணாறு, சின்னக்கானல், பீருமேடு என்று இடுக்கி மலைமேலும் 2025 டிசம்பர் தேர்தலில் வென்று உறுதிமொழி எடுத்தவர்களே! உங்கள் ஊரில் உங்களுக்கு ஒரே பெயர்தான்: மெம்பர். ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும், தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகினாலும், யானை வாழைத்தோட்டத்தை மிதித்துவிட்டுப் போனாலும் ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நின்று கூப்பிடும் பெயர் அது. இந்த மடலும் அப்படி வந்து வாசலில் நிற்பதுதான்.

விஷயம் வேலை. பதவியேற்ற நாளிலிருந்து உங்கள் மேசைக்கு எண்கள் வந்துகொண்டிருக்கும். தொழிலுறப்பு என்று நாம் சொல்லும் வேலை உறுதித் திட்டத்தில் இத்தனை வேலைநாள், இத்தனை ஜாப் கார்டு. மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ வழியாக இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை சான்றிதழ். எல்லாம் உண்மையான எண்களாகவே இருக்கலாம். ஆனால் அந்த அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தாலும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காது. போன வருஷம் தையல் பயிற்சிக்குப் போன உங்கள் வார்டுப் பெண் இப்போது என்ன செய்கிறார்? அதைக் கேட்கச் சொல்லித்தான் இந்த மடல்.

உங்களில் பாதிப்பேருக்குக் குறையாமல் பெண்கள். குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் ஆரம்பித்து, வார்டு மட்ட ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து மட்ட சி.டி.எஸ். என்று ஏறி வந்தவர்களும் நிறைய. மஸ்டர் ரோலில் கையெழுத்து வாங்கிய கை உங்களுடையது. ஆகவே தொழிலுறப்புத் திட்டத்தின் வரலாற்றை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 மாவட்டங்களில் வேலை உறுதிச் சட்டம் தொடங்கியபோது கேரளத்திலிருந்து இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள்: பாலக்காடும் வயநாடும். அடுத்த சுற்றில் 2007-இல் வந்தது இடுக்கி. எர்ணாகுளத்துக்கும் திருச்சூருக்கும் முன்பே உங்கள் ஊருக்கு வந்த திட்டம் அது. 20 வருஷம் ஆகிவிட்டது. ஒரு திட்டம் பலித்ததா இல்லையா என்று சொல்ல இந்தக் காலம் போதாதா?

போதும். ஆனால் யாரும் சரியான இடத்தில் அளக்கவில்லை.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். மதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு வேலைநேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தொழிலுறப்புப் பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். கேலிச்சித்திரத்திலும் வாட்ஸ்அப்பிலும் டீக்கடையிலும் அதே நகைச்சுவை. மத்திய அரசும் கிட்டத்தட்ட அப்படியே நினைத்தது. 2023 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு இரண்டு முறை, நேரமும் இடமும் பதிவாகும்படி கைபேசியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கியது. சிக்னல் தேடி மேட் (பணி மேற்பார்வையாளர்) மேட்டில் ஏறி நின்ற கதை மலை வார்டுகளில் எல்லாருக்கும் தெரியும். படம் ஏறாவிட்டால் கூலிக்கு ஆபத்து. இந்தக் கேமரா மண்வெட்டி பிடித்தவளைக் கண்காணிக்கிறது. அவள் வெட்டிய வாய்க்காலில் மழைக்குப் பிறகு தண்ணீர் ஓடியதா, வந்த கூலியால் வட்டிக்காரனிடமிருந்து வளையல் திரும்பியதா என்று அதற்குக் கேட்கத் தெரியாது.

சமூகத் தணிக்கை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, சட்டத்தின் 17-ஆம் பிரிவே அதைக் கிராம சபையிடம் கொடுத்தது. கேரளத்தில் அது பேருக்கு நடப்பதுமில்லை. ஆனால் தணிக்கைக்காரர் தேடுவது எதை? ஏழு பதிவேடுகள் சரியா, பணியிடத்தில் தகவல் பலகை இருந்ததா, அளவுப் புத்தகத்தோடு பில் ஒத்துப்போகிறதா. திருட்டைப் பிடிக்க இது வேண்டும். பலனை அளக்க இது உதவாது. திருடாமல் வீணாகும் திட்டங்களும் உலகத்தில் உண்டு.

பயிற்சித் திட்டங்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். கிராமப்புற இளைஞர்களுக்கென்று 2014-இல் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாய திட்டத்தைக் கேரளத்தில் குடும்பஸ்ரீ நடத்தியது. பயிற்சி முடித்தவர்களில் 100-க்கு 70 பேருக்காவது வேலை வாங்கித் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கேட்க நன்றாக இருக்கிறது. வேலை என்பதற்கு அடிப்படை விளக்கம் என்ன? மூன்று மாதம் தொடர்ந்து இருந்தால் கணக்கில் சேரும். நான்காம் மாதம் ஹாஸ்டல் வாடகை கட்டமுடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு மறையூர் பஸ் ஏறியவர் அந்தக் கணக்கில் வெற்றிதான்.

மத்திய அரசின் கௌசல் விகாஸ் யோஜனா இன்னொன்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையைப் புரட்டினால் தலை சுற்றும். பயனாளிகளில் 100-க்கு 94 பேருக்கு மேல் வங்கிக் கணக்கு எண் எழுதவேண்டிய இடத்தில் சுழியமோ, வெற்றிடமோ, அர்த்தமில்லாத எழுத்தோ. பணம் போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாதபோது வேலை கிடைத்ததா என்று எங்கே போய்க் கேட்பது?

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், அயல்கூட்டத்தின் சிக்கனக் கணக்கைவிட எளிதானது.

வட்டவடையிலிருந்து 100 பேர் பயிற்சிக்குப் போனார்கள், ஒரு வருஷம் கழித்து 60 பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி 60 பேருக்கு வேலை தந்தது என்று எழுதிவிடலாமா? அவர்களில் பாதிப்பேர் எப்படியும் அண்ணன் இருக்கும் திருப்பூருக்கோ, அத்தை இருக்கும் கோயம்புத்தூருக்கோ போய் வேலை தேடியிருப்பார்கள். படித்த, துடிப்பான பிள்ளைகளைத்தான் பயிற்சி நிறுவனம் முதலில் சேர்த்துக்கொள்ளும். அதற்குத் தன் 70 சதவீதக் கணக்கு முக்கியம். ஆகவே சரியான கேள்வி வேறு. பயிற்சி இல்லாதிருந்தால் எத்தனை பேருக்கு வேலை இருந்திருக்கும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் திட்டத்தின் பலன்.

இந்த வித்தியாசத்தை உலக வங்கியின் பொருளாதார அறிஞர் டேவிட் மெக்கென்சி 2017-இல் வளரும் நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். தொழிற்பயிற்சி கொடுத்த 100 பேரில், பயிற்சியால் மட்டும் புதிதாக வேலை பெற்றவர்கள் மூன்று பேருக்கும் குறைவு. மீதிப்பேர் பயிற்சி இல்லாமலே அந்த இடத்துக்குப் போயிருப்பார்கள், அல்லது பயிற்சி பெற்றும் போகவில்லை. இதைப் படித்துவிட்டுப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. பொருளாதார அறிஞர் டேவிட் கார்டும் அவருடைய கூட்டாளிகளும் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியபோது வேறொன்றும் தெரிந்தது: முதல் வருஷத்தில் ஒன்றுமில்லாததுபோல் தெரியும் பயிற்சிகள் இரண்டு, மூன்று வருஷம் கழித்துப் பலன் தருகின்றன, பெண்களுக்கும் நெடுநாள் வேலையில்லாதவர்களுக்கும் கூடுதலாகத் தருகின்றன. மூன்று மாதத்தில் கணக்கை மூடுபவர் நல்ல பயிற்சியையும் மோசமான பயிற்சியையும் ஒரே கூடையில் போடுகிறார் என்பது இதன் அர்த்தம்.

தொழிலுறப்பின் கணக்கு இதற்கு நேர் எதிர்த் திசையில் தவறுகிறது. பயிற்சியின் பலனைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம். தொழிலுறப்பின் பலனைக் குறைத்துக் காட்டுகிறோம். ஆந்திரம் ஒன்றாக இருந்த காலத்தில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்களும் 157 மண்டலங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கூலி ஒழுங்காகக் கைக்கு வரும்படி ஸ்மார்ட் கார்டு கொடுத்த மண்டலங்களையும் கொடுக்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். கொடுத்த இடத்தில் ஏழைக் குடும்பங்களின் சம்பாத்தியம் 14 சதவீதம் கூடியிருந்தது. ஆச்சரியம் அதில் இல்லை. கூடிய பணத்தில் 100-க்கு 86 பங்கு வேலைத் திட்டத்திலிருந்து வரவே இல்லை. வெளியில் செய்த கூலிவேலையிலிருந்து வந்தது. திட்டத்தில் வேலை உறுதியாகக் கிடைக்கிறது என்றதும் பண்ணைக்காரர்கள் கூலியை உயர்த்த வேண்டியிருந்தது. வேலைநாளை மட்டும் எண்ணுகிறவர் கண்ணுக்கு இந்த 86 பங்கும் படாது.

மூணாற்றுக்காரர்களுக்கு இது புரிய ஆந்திரத்துக்குப் போக வேண்டாம். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று பெயர் சூட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்களே, அன்று அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய். அதே வருஷம் கேரளத்தில் தொழிலுறப்புக் கூலி 229. மூன்று ரூபாய் வித்தியாசம்! கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அட்டைக்கடியோடு சரிவில் ஏறுவதற்கும், வாய்க்கால் தூர்வாருவதற்கும் நடுவே மூன்று ரூபாய். அந்தப் போராட்டத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. 20 சதவீத போனஸ் 10 சதவீதமாகக் குறைந்ததுதான் தீப்பொறி. ஆனாலும் ஒன்றை யோசியுங்கள். கொழுந்தெடுக்கும் பெண், இது வேண்டாம், தொழிலுறப்புக்குப் போகிறேன் என்று கம்பெனியிடம் சொல்ல முடியுமா? முடியாது. வேலையை விட்டால் லயம் போய்விடும். கணவனும் மனைவியும் ஓய்வுபெறும் வயதில், வீட்டைக் காப்பாற்ற மகனையோ மருமகளையோ தோட்டத்தில் பேர் எழுதவைக்கும் குடும்பங்கள் உங்கள் வார்டில் எத்தனை? அந்த மருமகள் பி.காம். படித்தவராகவும் இருப்பார். அரசுக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். பிரச்சினை தீர்ந்தவர்.

கேரளத்தின் வேலையின்மையே இப்படி இரண்டு முகம் கொண்டது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 முதல் 29 வயதுக்குள் வேலை தேடுகிறவர்களில் 29.9 சதவீதம் பேருக்கு வேலை இல்லை, இளம்பெண்களில் 47.1 சதவீதம். அதே மாநிலத்தில் கட்டட வேலைக்கு நாள் கூலி 800 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஏலத் தோட்டத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் வருகிறது. விடிகாலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் பெண்களை அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகின்றன. பாலக்காட்டுப் பக்கம் ஓட்டம் தலைகீழ். வேலந்தாவளத்திலிருந்தும் வாளையாறிலிருந்தும் கோவைக்கு இறங்குகிறார்கள். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் தத்தம் எல்லைவரைதான் எண்ணுகிறார்கள். எல்லையைத் தினமும் தாண்டுகிற உடம்பு எந்தக் கணக்கில் வரும்? பொள்ளாச்சி மில்லில் கிடைத்த வேலை கொழிஞ்சாம்பாறைப் பயிற்சியின் வெற்றியா, தோல்வியா? உங்களைத் தவிர வேறு யாராலும் இதைச் சொல்ல முடியாது.

அட்டப்பாடி உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜப்பான் கடனுதவியோடு 219 கோடி ரூபாயில் 1996-இல் தொடங்கி 2010-இல் முடிந்த அஹாட்ஸ் திட்டத்தை உங்கள் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள். மொட்டையாகிக் கிடந்த மலையில் மரம் நட்டார்கள், மண்ணணை கட்டினார்கள், தடுப்பணை எழுப்பினார்கள். ஊருக்கு ஊர் சமிதி, ஊர்க்காரர்களுக்கே கூலி. பச்சை திரும்பியது என்று பலரும் எழுதினார்கள், திரும்பவும் செய்தது. திட்டம் முடிந்ததும் அந்தக் கூலி நின்றது. எத்தனை ஹெக்டேர், எத்தனை தடுப்பணை என்பதற்குக் கணக்கு உண்டு. கூலி நின்ற மறுவருஷம் எந்த ஊரில் எந்த வீட்டில் உலை எப்படி எரிந்தது என்பதற்கு யாரிடமும் நோட்டு இல்லை. 2013-இல் சிசு மரணங்களும் தாய்மாரின் இரத்தசோகையும் நாடெங்கும் செய்தியான பிறகுதான் சமூக சமையலறைகள் வந்தன, குடும்பஸ்ரீயின் சிறப்புத் திட்டம் வந்தது. கூலி நின்றதையும் குழந்தைகள் இறந்ததையும் ஒரே கோட்டில் இணைத்துவிடுவது நியாயமாகாது. ராகியும் சாமையும் விளைந்த நிலம் கைவிட்டுப்போன பழைய கதை அதற்கு அடியில் இருக்கிறது. ஆனால் 2011-இல் ஒரு மெம்பரிடம் ஒரு நோட்டு இருந்திருந்தால், 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்குமா?

பெருமாட்டிக்காரர்களுக்கு இன்னொன்று. 2000-இல் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை திறந்தபோது சொன்னதும் வேலைதான். நான்கே வருஷத்தில், 2004 மார்ச்சில், அது மூடப்பட்டது. கிணறுகள் உப்பாகி, போராளி மயிலம்மாவும் எரவாளர் பழங்குடிக் குடியிருப்புப் பெண்களும் குடத்தோடு சாலைக்கு வந்தது உலகம் அறிந்தது. நிபுணர் குழு 2010-இல் நட்டத்தை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஆலை தந்த வேலையைக் கூட்டல் பக்கத்தில் எழுதியவர்கள், தண்ணீருக்காக நடந்து நடந்து போன கூலிநாட்களைக் கழித்தல் பக்கத்தில் எழுதவில்லை. இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பாலக்காட்டுத் தொழில் நகரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது: 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய், 51,000 வேலை. வந்தால் நல்லது. அந்த 51,000-இல் எத்தனை தமிழ்வழிப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு? எத்தனை ஒப்பந்தக்காரர் கீழே ஆறு மாதத்துக்கு? இப்போதே எழுதிவைக்காத கேள்வியைப் பத்து வருஷம் கழித்துக் கேட்க முடியாது.

பீருமேட்டுக்காரர்களுக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு செய்தி. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து உங்கள் பக்கத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டப்பட்டபோது லயங்களில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்று ஒரு மில் கிராமம். 1930-இல் மில் மூடியது, ஊரே வேலையிழந்தது. சமூக ஆய்வாளர் மரீ யஹோடாவும் தோழர்களும் அங்கே போய், வருமானத்தோடு சேர்த்து விசித்திரமான விஷயங்களையும் அளந்தார்கள். நூலகத்தில் எத்தனை புத்தகம் எடுக்கிறார்கள்? தெருவில் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள்? கையில் நேரம் குவிந்து கிடந்தும் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் நடையைத் தளர்த்தி, பாதி வழியில் நின்று நின்று போனார்கள். அடுப்பு வேலை இருந்ததால் பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். அதே ஊரில், 90 வருஷம் கழித்து 2020-இல், நெடுநாள் வேலையில்லாத எல்லாருக்கும் வேலை உறுதி என்று ஒரு சோதனை நடத்தினார்கள். இப்போதும் சம்பளத்தோடு நிற்காமல், நாள் ஒழுங்காகக் கழிகிறதா, ஊரில் மதிப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டும் கூடியிருந்தன. பூட்டிய தோட்டத்து லயத்தில் ஓணத்துக்கு ஓணம் உதவித்தொகையும் அரிசியும் கொடுத்துவிட்டு வந்த நாம், அங்கே ஆண்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்தோமா?

உதவித்தொகை என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் பஞ்சாயத்து அலுவலகம் வழியாகவே வழங்கப்படும் வேலையில்லாதோர் உதவித்தொகை, 1982-இல் தொடங்கியது, மாதம் 120 ரூபாய் என்று நின்றுபோனது. 2025-26-இல் ஒரு நாள் தொழிலுறப்புக் கூலி 369 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத தொகை ஒரு மாதத்துக்கு! எல்லைக்கு அந்தப் பக்கம் பட்டதாரிக்கு 600. அதுவும் போதாதுதான். இந்த 120-ஐ வாங்க வருமானச் சான்று, பதிவு புதுப்பித்தல், பஸ் செலவு. மதிப்பீடு செய்யத் தேவையே இல்லாத அளவுக்குத் தெளிவான திட்டம் இது ஒன்றுதான்.

இப்போது ஏன் அவசரம்? 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் கொண்டுவந்தது. 100 நாள் 125 நாளாகிறது. செலவில் 100-க்கு 40 மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலங்களில் வருஷத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். ஏலக்காய் பறிப்பும் சித்தூர் வயல் அறுவடையும் ஒரே மாதத்தில் வருமா? மழை மறைவில் கிடக்கும் எருத்தேம்பதிக்கும் மழையில் ஊறும் பீருமேட்டுக்கும் ஒரே 60 நாளா? எந்த மாதத்தில் எங்கே அடுப்பு அணையும் என்று கையில் ஆதாரத்தோடு சொல்கிற வார்டு தப்பிக்கும். ஆதாரம் இல்லாத வார்டுக்கு யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து தேதி குறிப்பார்கள்.

ஆகவே கோரிக்கை. ஒரு நோட்டு வாங்குங்கள்.

கடந்த மூன்று வருஷத்தில் உங்கள் வார்டிலிருந்து எந்தப் பயிற்சிக்கும், எந்த வேலைத் திட்டத்துக்கும் விண்ணப்பித்தவர்களின் பெயரை எழுதுங்கள். இடம் கிடைத்தவர்கள் ஒரு பக்கம். இந்த மடலின் உயிரே அடுத்ததில் இருக்கிறது: விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்கள் எதிர்ப்பக்கம். திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே கண்ணாடி அவர்கள்தான். ஆராய்ச்சியாளர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கும் ஒப்பீட்டுக் குழு, உங்கள் வார்டில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. கச்சிதமான கண்ணாடி இல்லை. கெட்டிக்காரர்களுக்கே இடம் கிடைத்திருக்கும் என்பதால் கொஞ்சம் கோணல் இருக்கும். கண்ணாடியே இல்லாததற்கு இது மேல்.

இருபக்கத்தாரிடமும் ஒரே மூன்று கேள்வி. இப்போது என்ன வேலை, எங்கே, மாதத்தில் எத்தனை நாள்? கையில் என்ன மிச்சம், கடன் கூடியதா குறைந்ததா? அந்தப் பயிற்சியோ வேலையோ வீட்டில் எதை மாற்றியது? ஆறு மாதம் கழித்து அதையே மறுபடி கேளுங்கள், பிறகு ஒரு வருஷத்தில். ஏ.டி.எஸ். பெண்களால் ஒரு வாரத்தில் முடியும் வேலை. பயிற்சி நடத்திய நிறுவனத்தின் ஆளிடம் மட்டும் இதை ஒப்படைத்துவிடாதீர்கள். பதிலைக் கிராம சபையில் பெயர் சொல்லிப் படிக்கவும் வேண்டாம். கடன் கணக்கு அவரவர் மானம். எண்ணிக்கை மட்டும் போதும்.

ஒரு வார்டில் முப்பது, நாற்பது பெயர்தான் தேறும். அதை வைத்துப் பெரிய முடிவு கட்ட முடியாது என்று பி.டி.ஓ. சொல்வார், சரியாகத்தான் சொல்வார். ஆகவே பக்கத்து மெம்பரோடு பேசுங்கள். அவர் எந்தக் கட்சியாகவும் இருக்கட்டும். பத்து வார்டு ஒரே மாதிரிப் படிவம் வைத்தால் சில நூறு பெயர். பத்து வார்டும் ஒன்றுபோலப் பேசினால் மாவட்டத் திட்டக் குழுவுக்குக் காது கேட்கும். கணக்கு அசிங்கமாகவும் வரலாம். ஆளும் தரப்புக்குப் பிடிக்காமல் போகலாம், சில இடத்தில் ஆளும் தரப்பு நீங்களாகவே இருக்கலாம். அதற்காக நோட்டை மூடிவைத்துவிடாதீர்கள்.

தமிழில் எழுதுங்கள். 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. பயிற்சிப் பாடம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததால் பாதியில் நின்ற பிள்ளை எத்தனை என்று நாலாவது கேள்வியாகச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் வேண்டாம். 1994-ஆம் வருஷப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி உங்கள் வார்டு கிராம சபையின் கன்வீனர் நீங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதைக் கூட்டியாக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, பயனாளிப் பட்டியலுக்கும் தெருவிளக்குக்கும் நடுவே ஒரு வரி சேருங்கள்: ‘மூன்று ஆண்டுகளில் வேலைக்கும் பயிற்சிக்கும் விண்ணப்பித்தவர்கள், கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும், ஜாப் கார்டும் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வரவும்.’